இரவல் கோடரியும் வாடகைக் கேபிளும்



இம்மாதம் நான் எழுதப்போவது தரிசனத்தைப் பற்றியோ ஆவியின் வரங்களைப் பற்றியோ அல்ல. முகாம் மைதானத்துக்கு மின்சாரம் கொண்டுவருகிற கேபிளைப் பற்றி எழுதப்போகிறேன். சிரிக்க வேண்டாம். அந்தக் கேபிளின் நிமித்தம் நான் ஓர் ஆத்துமாவைக் காயப்படுத்தியிருக்கிறேன். அதை எழுதாமல் விட்டால் உங்களில் இன்னொருவர் அதே குழியில் விழக்கூடும்.

2018-ஆம் ஆண்டு ஜனவரி 26 வெள்ளிக்கிழமையாக வந்தது. மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்ததால், கர்ஜத்துக்கு அப்பால் ஒரு மாந்தோப்பை வாடகைக்கு எடுத்து எங்கள் சபையின் குடும்ப முகாமை ஒழுங்கு செய்தோம். ஒற்றை அறையில் ஆறு பேர் உறங்குகிற வாழ்க்கை நம் ஜனங்களுக்கு. திறந்தவெளியும் கூடாரமும் மரநிழலும் கிடைத்தால் பிள்ளைகளைப் பிடிக்கவே முடியாது. நாற்பது குடும்பங்கள் வந்தன. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கூடாரங்கள், நடுவே கூட்டப்பந்தல், ஓரத்தில் சமையல் கொட்டகை.

தோப்புக்காரர் நல்ல மனிதர். "என் பம்ப் செட் அறையிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம்" என்று சொன்னார். விவசாய இணைப்பை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி அனுமதியற்ற உபயோகம் ஆகும். ஆகவே நாங்கள் மறுத்து, முறைப்படி விண்ணப்பித்து, முன்பணம் கட்டித் தற்காலிக இணைப்பு வாங்கினோம். இதை முதல் நாள் மேடையிலேயே சாட்சியாகச் சொன்னேன். இப்போது நினைத்தால் அதில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது. மின்சாரத்தைத் திருடாமல் இருப்பதில் காட்டிய கவனத்தில் பாதியையாவது, மின்சாரம் வரும் கேபிளைத் திருட்டுக்கொடுக்காமல் இருப்பதில் காட்டியிருக்க வேண்டும்.

மீட்டர் பெட்டி சாலையோரக் கம்பத்தில் இருந்தது. அங்கிருந்து பந்தல் எழுபது மீட்டர் தூரம். ஊர்க்காரரான மண்டப்வாலா ஒருவரிடம் பந்தல், நாற்காலி, விளக்குகளோடு நான்கு கோர் செம்புக் கேபிளும் மெயின் சுவிட்சும் இரண்டு விநியோகப் பெட்டிகளும் வாடகைக்கு எடுத்தோம். கேபிள் தரையில் புல்லுக்குள் கிடந்தது. மீட்டர் பெட்டிக்குப் பூட்டில்லை. ஒரு கம்பியை முறுக்கி மூடியிருந்தோம்.

இரவுக் காவலுக்கு வாலிபர்களின் பெயர்களை எழுதி முறை வைத்திருந்தோம். ஆனால் இரண்டாம் நாள் காத்திருப்புக் கூட்டம் நள்ளிரவு ஒரு மணிவரை நீண்டது. தேவப்பிரசன்னம் பலமாக இருந்தது. எல்லாரும் களைத்திருந்ததைக் கண்டு, "கர்த்தர் காவல்காப்பார், எல்லாரும் போய்ப் படுங்கள்" என்று ஒலிபெருக்கியில் சொன்னவன் நான்தான். சிக்கனம் கருதி மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னவனும் நான்தான். பிரியமானவர்களே, 127-ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தை நாம் பாதிதான் வாசிக்கிறோம். கர்த்தர் காவாவிட்டால் காவலாளியின் பிரயாசம் பயனற்றது என்பது அதன் பொருள். அந்த வசனத்தில் காவலாளி விழித்துக்கொண்டுதான் இருக்கிறான். அவனை உறங்கப்போகச் சொல்ல அதில் இடமில்லை. வேதாகமக் கல்லூரியில் இதற்குத் தேர்வு எழுதித் தேறியவன் நான். அன்று இரவு தேறவில்லை.

மின்சாரம் ஓடாத கேபிளை வெட்டுவதைப் போல எளிது ஒன்றும் இல்லை. அதிகாலை நாலரை மணிக்குத் தேநீர் போட எழுந்த சகோதரிகள் சுவிட்சைப் போட்டுப் பார்த்து, பிறகு வந்து என்னை எழுப்பினார்கள். இரு முனைகளிலும் சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது. கம்பத்தின் அடியில் ஒரு முழத் துண்டும், பந்தல் பக்கம் ஓர் ஐந்தடித் துண்டும் மீந்திருந்தன. கம்பத்து மெயின் சுவிட்சையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

பொருள் போனது சிறிய காரியம். அதற்குப் பின் நடந்ததே பெரியது.

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த பத்தொன்பது வயது வாலிபன் ஒருவன் எங்கள் சபையில் இருந்தான். நகரத்தில் ஒரு பங்கார் கடையில், நம் ஊர் வழக்கில் காயலான் கடையில், வேலை. ஞானஸ்நானம் பெற்று மூன்று மாதம் ஆகியிருந்தது. இரவு இரண்டு மணியளவில் அவன் டார்ச் விளக்கோடு கம்பத்தின் பக்கம் நடந்ததைக் கண்டதாக ஒரு மூப்பர் என் காதில் சொன்னார். "பழைய செம்பு எங்கே விற்கும் என்று அவனுக்குத்தானே பாஸ்டர் தெரியும்?" என்றார். அந்த வார்த்தை எனக்குள் இறங்கியது. நான் ஜெபிக்கவில்லை. இரண்டு சாட்சிகள் வேண்டும் என்கிற வேத ஒழுங்கையும் நினைக்கவில்லை. அவனைச் சமையல் கொட்டகைக்குப் பின்னால் அழைத்து, இரண்டு மூப்பர்களின் முன்னிலையில், "தம்பி, ராத்திரி எங்கே போனாய்? பையைக் கொஞ்சம் திறந்து காட்டு" என்றேன்.

அவன் திறந்து காட்டினான். இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு வேதாகமம், பிஸ்கட் பொட்டலம். பிறகு, வெட்டுப்பட்டுக் கிடந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "இது பத்து ஸ்கொயர் நாலு கோர், பாஸ்டர். எழுபது மீட்டரில் செம்பு மட்டுமே இருபத்தைந்து கிலோ இருக்கும். ரப்பரோடு சேர்த்தால் இன்னும் கனம். இந்தப் பையில் எப்படி அடங்கும்?"

கணக்குச் சரி என்பதைப் பின்னர் நானே போட்டுப் பார்த்தேன். பத்துச் சதுர மில்லிமீட்டர் கனத்தில் நான்கு கோர் என்றால் மீட்டருக்கு ஏறக்குறைய 360 கிராம் செம்பு. எழுபது மீட்டருக்கு 25 கிலோ. ஆனால் அந்தக் காலையில் நடந்ததைக் கேளுங்கள். அவன் இவ்வளவு துல்லியமாகச் சொன்னதே எங்களுக்குப் புதிய சந்தேகமாயிற்று. மூப்பர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நானும் பார்த்தேன். அவன் எங்கள் மூன்று பேரையும் பார்த்தான்.

"ரப்பரை எரித்துத்தான் செம்பை விற்பார்கள். தண்ணீர் இருக்கும் பக்கம் கருகிய இடம் இருக்கிறதா என்று பாருங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை மூடினான். எட்டு மணிக்கு இரண்டு சகோதரர்கள் ஓடைப்பக்கம் போய்ப் பார்த்தார்கள். அரை கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பாறையருகே தரை வட்டமாகக் கருகி, ரப்பர் நாற்றத்தோடு இன்னும் சூடாக இருந்தது. பக்கத்தில் ஈர மண்ணில் மோட்டார் சைக்கிள் தடம். அவர்கள் ஓடிவந்து சொன்னபோது ஆராதனை தொடங்கியிருந்தது. அவனைத் தேடினேன். கர்ஜத் நிலையத்துக்கு நடந்தே போய்விட்டான் என்றார்கள். இரவில் டார்ச்சோடு போனது எதற்கு என்றால், கூடாரத்தின் அருகே அசுத்தம் பண்ணக் கூசி, தூரமாகப் போயிருக்கிறான். வேறொன்றுமில்லை.

மண்டப்வாலாவுக்கு விலை கொடுப்பதா வேண்டாமா என்று சபைக் கமிட்டியில் விவாதம் எழுந்தது. வேதம் வாசிக்கிற மூப்பர் ஒருவர் யாத்திராகமம் 22-ஆம் அதிகாரத்தின் 15-ஆம் வசனத்தைக் காட்டினார். வாடகைக்கு வாங்கிய பொருளின் நஷ்டம் வாடகையிலேயே அடங்கிவிடும் என்று அங்கே இருக்கிறதே என்றார். கெட்டிக்காரத்தனமான வாதம். ஆனால் அந்தப் பகுதி, வாங்கிய மிருகம் சேதப்பட்டாலோ செத்தாலோ என்ன செய்வது என்பதைச் சொல்லுகிறது. காவலில் இருந்தது களவுபோனால் என்ன என்பதற்கு அதே அதிகாரத்தின் 12-ஆம் வசனம் தனியாக இருக்கிறது. அது உடையவனுக்கு ஈடு கொடுக்கச் சொல்லுகிறது. காவலை நான் கலைத்துவிட்டேன். வாடகைச் சீட்டைக் காட்டி ஒளிந்துகொள்ள எனக்கு இடமில்லை. பழைய கேபிள் என்பதால் பேசி, 22,000 ரூபாய் கொடுத்தோம். பாதி காணிக்கையிலிருந்து; பாதி என் சம்பளத்தில் தவணையாக.

அந்த நாட்களில் 2 இராஜாக்கள் 6-ஆம் அதிகாரம் என்னை விட்டு நீங்கவில்லை. தீர்க்கதரிசிகளின் புத்திரரில் ஒருவன் யோர்தானில் கோடரியைத் தவறவிட்டபோது, அவன் அலறியது இரும்பு போயிற்றே என்பதற்காக அல்ல. அது இரவல் என்பதற்காக. எலிசா அவனுக்காக இரும்பை மிதக்கப்பண்ணினார். எங்கள் கேபிள் மிதக்கவில்லை. எங்கள் வாலிபனும் அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு வரவில்லை.

அவன் தங்கியிருந்த அறைக்குப் போனேன். முதல் இரண்டு முறையும் கதவு திறக்கவில்லை; உள்ளே ஆள் இருக்கும் சத்தம் கேட்டது. மூன்றாம் முறை திறந்தான். மூப்பர்கள் முன்னிலையில் குற்றம் சாட்டினேன்; ஆகவே மூப்பர்களையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மன்னிப்புக் கேட்டோம். அந்த ஞாயிறு சபை முழுவதுக்கும் முன்பாகவும் பெயர் சொல்லாமல் என் குற்றத்தை அறிக்கையிட்டேன். அவன் மன்னித்தான் என்றே நம்புகிறேன். ஆனால் திரும்பி வரவில்லை. வேறொரு சபைக்குப் போகத் தொடங்கினான். நல்ல சபைதான், அந்தப் போதகர் என் நண்பர். இருந்தாலும் அந்த நாற்காலி எனக்குத் தெரிந்துகொண்டேயிருந்தது.

சகோதரனே, சகோதரியே, நாம் பூட்டாமல் விட்ட பெட்டிக்காக அயலானைச் சந்தேகிக்கிறோம். அதிலும் யாரைச் சந்தேகிக்கிறோம்? கடைசியாக ஊரிலிருந்து வந்தவனை, கூலி குறைந்தவனை, பங்கார் கடையில் வேலை செய்கிறவனை. பட்டணத்தில் நம்மைக் குறித்தே மற்றவர்கள் இப்படி நினைத்த காலம் உண்டு. அதை நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

இனி, நாங்கள் இப்போது செய்வதைச் சொல்லுகிறேன். இதற்கு ஒரு யோசனை அமெரிக்காவிலிருந்து வந்தது. எங்கள் சபையின் மூத்த சகோதரி ஒருவரின் மகன் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கிறார். அந்நாட்டில் வீடு போன்ற பெரிய வண்டிகளில் குடும்பமாகப் பிரயாணம் செய்து, முகாம் மைதானங்களில் தங்குவார்கள். ஒவ்வொரு வண்டி நிறுத்துமிடத்திலும் 30 ஆம்பியர், 50 ஆம்பியர் சாக்கெட்டுகளோடு ஒரு மின்கம்பப் பெட்டி நிற்கும்; வண்டியின் தடித்த கேபிளை அதில் செருகிக்கொள்ள வேண்டும். மின்னழுத்தம் எகிறினால் வண்டியைக் காக்கும் கருவி ஒன்றையும் இடையில் மாட்டுவார்கள். அதற்கு நூற்றுக்கணக்கான டாலர் விலை. அதுவும் கேபிளும் வண்டிக்கு வெளியே இரவெல்லாம் தொங்குவதால் அங்கேயும் களவு போகிறது. செல்வ நாடு, செம்புக்கு மட்டும் ஆசை குறையவில்லை! அவர்கள் பிளக்கின் கழுத்தைச் சுற்றிப் பூட்டுகிற மூடியும், கருவியைக் கம்பத்தோடு பிணைக்கிற உருக்குக் கம்பியும் போடுகிறார்கள். பூட்டு உடையாதது அல்ல. ஆனால் நடந்துபோகிறவன் கையில் உருவிக்கொண்டு போக முடியாது, நின்று சத்தம் போட்டு வெட்ட வேண்டும் என்று அந்தத் தம்பி தொலைபேசியில் சொன்னார்.

அதன்படி கம்பத்தடியில் இரும்புப் பெட்டி ஒன்று செய்து பூட்டு போட்டோம். இங்கே ஓர் எச்சரிப்பு: மெயின் சுவிட்சைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். பந்தலில் தீப்பற்றினால், யாராவது மின்சாரத்தில் சிக்கினால், சாவியைத் தேட நேரம் இராது. கைப்பிடி வெளியே, உடல் உள்ளே என்று பெட்டியைச் செய்யச் சொல்லுங்கள். யாரும் அணைக்கலாம், யாரும் கழற்ற முடியாது. களவு பொருளைத்தான் எடுக்கும், மின்சாரம் ஆளையே எடுத்துவிடும்.

இரவில் மெயினை அணைப்பதையும் விட்டுவிட்டோம். பந்தல் முனையில் காவல்காரர் கண்ணில் படும்படி ஒரு விளக்கு விடியுமட்டும் எரிகிறது. கேபிளை எங்கே தொட்டு வெட்டினாலும் அந்த விளக்கு அணையும். மணியும் வேண்டாம், கேமராவும் வேண்டாம். கம்பத்தருகே மின்சாரம் ஓடுகிறது என்று மராத்தியிலும் இந்தியிலும் எழுதிப் பலகை வைக்கிறோம். ஒரு வாலிபர், கேபிளின் தோலை அங்கங்கே உரித்து வைத்தால் தொடுகிறவனுக்குப் பாடம் கிடைக்கும் என்றார். அவரை நான் கண்டித்தேன். யாத்திராகமம் 22-இன் தொடக்கத்தை எடுத்துப் பாருங்கள். திருடனுடைய இரத்தத்துக்கும் அங்கே கணக்கு இருக்கிறது. முதலில் தொடப்போவது நம் குழந்தையாகவும் இருக்கும்.

நீண்ட தூரத்துக்குச் செம்பே வேண்டாம், அலுமினியம் போதும். அதுவும் உருக்குக் கம்பி சுற்றிய ஆர்மர்டு கேபிள். அதே மின்சாரத்துக்கு அலுமினியம் கொஞ்சம் தடித்ததாக வேண்டும், பத்துக்குப் பதில் பதினாறு ஸ்கொயர். அப்படியிருந்தும் எழுபது மீட்டரில் 12 கிலோதான் இருக்கும். கிலோ விலையோ செம்பின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வெட்டவும் உரிக்கவும் பாடு அதிகம், கையில் வருவது சொற்பம். பந்தலுக்குள் ஓடுகிற சிறிய செம்பு வயர்களைக் கூட்டம் முடிந்ததும் சுருட்டிச் சமையல் பாத்திரங்களோடு பூட்டி வைக்கிறோம். இந்த அலுமினிய யோசனை யாருடையது என்பதைக் கடைசியில் சொல்லுகிறேன்.

எர்த் கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதைப் பலர் அறியார்கள். 2023 முகாமில் பெரிய கேபிளை விட்டுவிட்டு, தரையில் அடித்த எர்த் கம்பத்திலிருந்து பெட்டிவரை வந்த வெறும் செம்புக் கம்பியை மாத்திரம் எவனோ சுருட்டிக்கொண்டு போனான். விளக்கு எரிந்தது, மைக் பேசியது, விசிறி சுழன்றது. ஒருவரும் கவனிக்கவில்லை. அடுத்த நாள் மாவு அரைக்கும் கிரைண்டரில் உள்ளே கசிவு ஏற்பட்டு, தொட்ட சகோதரி தூக்கி எறியப்பட்டார். பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டிருந்தோம், அது கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்தது. சகோதரி முழங்கையில் சிராய்ப்போடு எழுந்தார். தேவனுக்கு ஸ்தோத்திரம். எர்த் இருந்திருந்தால் அவர் தொடுவதற்கு முன்னமே அது துண்டித்திருக்கும். இப்போது எர்த்துக்குத் துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டை போடுகிறோம், அதற்கு விலையில்லை. மின்பணி தெரிந்த சகோதரர் ஒவ்வொரு காலையும் கம்பத்திலிருந்து பெட்டிவரை அதைக் கண்ணால் பார்த்து, ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானையும் அழுத்திப் பார்த்த பிறகுதான் அடுப்பு பற்றவைக்கிறார்கள்.

களவு நடந்தால் போலீசில் புகார் எழுதிக் கொடுங்கள். மின்கம்பியையும் மின்சாதனத்தையும் வெட்டி எடுப்பதற்கு மின்சாரச் சட்டத்தின் 136-ஆவது பிரிவே தனியாக இருக்கிறது. மூன்று ஆண்டுவரை சிறை உண்டு. வாடகைப் பொருளை வாங்கும்போதே மீட்டர் கணக்கும் எண்ணிக்கையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பின்னால் எழுகிற பாதி மனத்தாங்கல் அங்கேயே ஒழியும்.

காவல் முறையை இப்போது யாரும், நான் உட்பட, மேடையிலிருந்து கலைக்க முடியாது. இரண்டு இரண்டு பேராக, இரண்டு இரண்டு மணி நேரம். நெகேமியாவின் ஆட்கள் ஒரு கையால் வேலைசெய்து மறு கையில் ஆயுதம் பிடித்தார்கள். எங்கள் ஆட்கள் ஒரு கையில் டார்ச், மறு கையில் தேநீர்.

2020 ஜனவரி முகாமுக்கு அந்த வாலிபன் ஒரு நாள் மட்டும் வந்தான். யார் அழைத்தார்கள் என்று தெரியாது. நான் அழைத்தும் வராதவன். மாலையில் கம்பத்திலிருந்து பந்தல்வரை தனியாக நடந்து பார்த்தான். அப்போது நாங்கள் செம்பைத்தான் கட்டியிருந்தோம், மூங்கில்களின் மேல் உயரமாக. "அலுமினியம் போடுங்கள் பாஸ்டர். எங்கள் கடையில்கூட அதற்கு முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்" என்றான். பிறகு காவல் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படித்தான். அதில் இரண்டு மணி முதல் நான்கு மணிவரை ஒரு மூப்பரின் பெயர் மட்டும் தனியாக இருந்தது. கூட நிற்கவேண்டியவருக்குக் காய்ச்சல். என் காதில் சொன்ன அதே மூப்பர்தான் அவர். "இதில் என்னை எழுதுங்கள்" என்றான்.

எழுதினேன். நான்கு மணிக்கு நான் எழுந்து வந்தபோது இருவரும் விளக்கின் கீழே ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மூப்பரின் சால்வை அவன் தோளில் இருந்தது. ஆராதனைக்கு நிற்கச் சொன்னேன். தன் சபையில் ஞாயிறு பள்ளி எடுக்க வேண்டும் என்று சொல்லி, முதல் ரயிலுக்குப் போய்விட்டான்.